கலைச்சொல் தேவை: விளக்கு வைக்கும் அட்டை வீடு

ம.சு.:
நண்பர்களுக்கு வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குழந்தைகளுக்கு நடத்தும் கைவேலைப் பயிற்சிக்காக ஒரு சிறுநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் 'புட்ஸ் ஹவுஸ்' என்று சொல்லும் வீடுகளைப் பற்றியது. உள்ளங்கையில் அடங்கும் அட்டை வீடு. சன்னலில் செலோபேன் தாள், கூரையில் பனிக்காக மினுக்குத்தூள், பின்சுவரில் ஒரு வட்டத் துளை. துளை வழியே சின்ன பல்பைச் செருகினால் சன்னல் சிவந்து ஒளிரும். 1930-களில் ஜப்பானில் செய்து அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். 1941-இல் போர் மூண்டதும் வரத்து நின்றது. இப்போது அதே பழைய சாயலில் பலர் கையால் செய்கிறார்கள்.

மூன்று சொல் வேண்டும்: வீட்டுக்கு ஒன்று, மடிப்பதற்காக அட்டையைப் பாதி ஆழம் மட்டும் அறுக்கும் கோட்டுக்கு ஒன்று, பசை தடவ விடும் ஓரத்துக்கு ஒன்று.

இரா.க.:
சொல் ஏற்கெனவே இருக்கிறது: சிற்றில். கலித்தொகையில் மணற்சிற்றிலைக் காலால் கலைக்கிறான் ஒருவன். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து 'சிற்றில் சிதையேல்' என்று மன்றாடுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கு ஒரு பருவமே உண்டு. சிறுமை + இல். 'மை' என்ற ஈறு போய், 'ற்' என்ற தன்னொற்று இரட்டியது. நன்னூல் இலக்கணத்தின் 136-ஆம் நூற்பா. இதைவிட என்ன வேண்டும்?

வே.:
அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய மூன்று இடத்திலும் அது மணல்வீடு; உடைபடுவதே அதன் கதை. இதுவோ பெட்டியில் பத்திரமாக எடுத்துவைத்து ஆண்டுதோறும் வெளியே எடுப்பது. தவிர, ஆறாம் வகுப்புப் பிள்ளை 'சிற்றில்' என்று படித்தால் எதை வெட்டும், எதை ஒட்டும்?

இரா.க.:
புறநானூறு 86-ஐப் பாருங்கள். 'சிற்றில் நற்றூண் பற்றி' நின்று மகன் எங்கே என்று கேட்கிறாள் ஒருத்தி. அங்கே அது ஆள் குடியிருக்கும் வீடு. குடியிருக்கும் வீட்டுக்கும் மணல்வீட்டுக்கும் பொருந்திய சொல் அட்டைக்கு மட்டும் ஏன் பொருந்தாது? பிள்ளைக்குத் தெரியாது என்றால் தெரியவைக்கத்தானே நூல்?

ஜோ.:
பொருளின் வரலாற்றைப் பார்த்துப் பெயர் வைப்போம். மொரேவியச் சபையார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1741-இல் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரை நிறுவினார்கள். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அவர்கள் மாட்டுத்தொழுவம், குன்று, பாசி எல்லாம் வைத்து அமைத்த காட்சிக்குத்தான் 'புட்ஸ்' என்று பெயர். நாம் குடில் என்கிறோமே, அதுவேதான். அட்டை வீடுகள் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே 'குடில் வீடு'. இதே சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ந.:
'புட்ஸ்' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ஜெர்மனில் 'புட்சன்' என்றால் அழகுபடுத்து, துப்புரவாக்கு. சுவரில் பூசும் சாந்துக்கும் 'புட்ஸ்' என்றுதான் பெயர். நம் பூசு, பூச்சு! ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. பூ, பூண், புனை என்று வேரைப் பின்தொடர்ந்தால் எல்லாம் அழகு என்ற ஒரே இடத்தில் போய் நிற்கும். பூச்சு + இல் = பூச்சில். வன்றொடர்க் குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது.

வே.:
ஒலி ஒத்துவந்தால் வேர் ஒன்றாகிவிடாது ஐயா. இடைப்பட்ட வடிவங்கள் வேண்டும், காலம் வேண்டும். மேலும் 'பூச்சில்' என்றால் எல்லோரும் வேற்றுமை உருபாகத்தான் படிப்பார்கள். 'பூச்சில் துளையிடவும்' என்று எழுதினால் பிள்ளை மினுக்குத்தூளைக் குத்திக்கொண்டிருக்கும்.

மு.:
கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் பார்க் போடுவோம். தட்டில் கேழ்வரகு முளைத்த புல், கண்ணாடித் துண்டில் குளம், கரையில் அட்டையில் வெட்டிய வீடு. அதை 'அட்டை வீடு' என்றே சொல்லி வளர்ந்தோம். இன்னொன்று: அந்த ஜப்பான் வீடுகளின் வாசலில் நிற்கும் மரம் என்ன தெரியுமா? பச்சைச் சாயம் ஏற்றிய பீர்க்கங்கூடு! நாம் உடம்பு தேய்த்துக் குளிக்கும் அதே நார். ம.சு., நூலில் இதைக் கட்டாயம் சேருங்கள். கத்தரித்த துண்டைச் சாயத்தில் முக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

இரா.க.:
அட்டை என்றால் இரத்தம் உறிஞ்சுவதும்தானே?

மு.:
அட்டைப்பெட்டி என்று சொல்லும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

ம.சு.:
மற்ற இரண்டு சொல்லையும் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அச்சகத்தில் 'கிரீசிங்' என்கிறார்கள், ஆனால் அது அழுத்தி உண்டாக்கும் தடம். இங்கே கத்தி பாதி இறங்குகிறது.

வே.:
கீறுகோடு. வினைத்தொகை, கீறிய கோடு, கீறும் கோடு, இரண்டுக்கும் ஆகும். பசை ஓரத்துக்கு ஒட்டுவிளிம்பு.

ஜோ.:
கீறுகோடு சரி. ஓரத்துக்கு 'ஒட்டுக்காது' எப்படி? வடிவம் கண்ணில் நிற்கிறது.

வே.:
ஒட்டுக்கேட்பதுபோல் ஒலிக்கிறது. வேண்டாம்.

ம.சு.:
நாளை மெய்ப்பு அனுப்ப வேண்டும், இதற்கு மேல் காத்திருக்க முடியாது. அட்டை வீடு, கீறுகோடு, ஒட்டுவிளிம்பு. மொரேவியர் வரலாறு வரும் பக்கத்தில் மட்டும் குடில் வீடு. பீர்க்கங்கூட்டு மரத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

இரா.க.:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'அட்டை வீடு' எதனால் செய்தது என்று சொல்கிறது, எவ்வளவு சின்னது என்று சொல்லவில்லை. நாடக மேடையில் நிற்பதும் அட்டை வீடுதான். முன்னுரையில் ஒரு வரியாவது 'சிற்றில்' வரட்டும். வராவிட்டால் இரண்டாம் பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.

வே.:
வந்தால் புறநானூற்றுப் பொருளையும் மணல்வீட்டையும் விளக்கி அடிக்குறிப்பு வேண்டும். நான் எழுதித் தருகிறேன், ஐந்து வரிக்கு மிகாமல்.