மீப்பாய்மமா, பாகிலியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

தொடங்கியவர்:
நண்பர்களே, பள்ளி மாணவர் இதழ் ஒன்றுக்காக ஜான் ஆலன் என்ற தாழ்வெப்பநிலை இயற்பியலாளரைப் பற்றி நான்கு பக்கம் மொழிபெயர்க்கிறேன். 1908-ல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பேர் வாங்கி, 1947 முதல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பேராசிரியராக இருந்து, 2001-ல் மறைந்தார். திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், பாகுநிலையே இல்லாததுபோல நுண்புழைக்குள் ஓடுகிறது என்று மைசனர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து காட்டியவர். அந்த ‘சூப்பர்ஃப்ளூயிட்’டுக்கு என்ன போடலாம்? ‘மீப்பாய்மம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

இயற்பியல் ஆசிரியர்:
அதையே போடுங்கள். பாடநூலில் ‘மீக்கடத்தி’ (சூப்பர்கண்டக்டர்) படித்த பிள்ளைக்கு ‘மீப்பாய்மம்’ பாதி புரிந்துவிடும். மூலச்சொல்லே மீக்கடத்தியைப் பார்த்து வைத்ததுதானே.

புலவர்:
ஒற்று மிகுமா என்று யாரும் கேட்கவில்லையே! ‘மீ’ முன் வல்லினம் இயல்பாகவும் வரும், மிகுந்தும் வரும், மெல்லெழுத்தாகவும் மிகும் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. மீகண், மீப்பல், மீந்தோல். ஆகவே ‘மீபாய்மம்’ என்றாலும் பிழையில்லை. ‘மீம்பாய்மம்’ என்பதற்கும் இலக்கணம் தடை சொல்லாது, காதுதான் சொல்லும்.

சமையலறைக்காரர்:
‘மீ’ என்றால் மேல், மிகுதி. இது மிகுதியாகப் பாய்வதா சிறப்பு? தடையே இல்லாமல் பாய்வதல்லவா! அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியைத் தூக்கினால் கம்பி கம்பியாக இழுக்கிறதே, அந்த இழுப்புதான் பாகுநிலை. அது இல்லாதது ‘பாகிலி’. மூன்றே எழுத்து. வேரிலி, எல்லையிலி போல.

யாழ்ப்பாணத்தவர்:
பாகுநிலையை நாங்கள் படித்தது பிசுக்குமை என்று. ‘பாகிலி’ எங்கட பிள்ளைகளுக்கு விளங்காது. பாக்கு இல்லாத வெற்றிலை என்று நினைப்பார்கள்.

இயற்பியல் ஆசிரியர்:
பொருளும் இடிக்கிறது, அம்மா. நுண்புழையில் ஓடவிட்டால் பாகுநிலை காணாமல் போகும், சரி. அதே திரவத்தில் ஒரு தட்டை ஆடவிட்டு அளந்தால் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். மீப்பாய்மப் பங்கும் சாதாரணப் பங்கும் கலந்த திரவம்போல அது நடந்துகொள்கிறது. இரண்டில் ஒரு பங்குதான் இலி.

தனித்தமிழ் அன்பர்:
ஹீலியத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். கிரேக்கத்தில் ஹீலியோஸ் என்றால் ஞாயிறு. நம் ‘எல்’லும் ஞாயிறு. ஞாயிறு சாயும் பொழுதுக்கு எற்பாடு என்பது நினைவில்லையா? ‘எல்லியம்’ என்று எழுதுங்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் கருத்து.

புலவர்:
எல்லி என்றால் இரவு என்றும் பொருள் உண்டு, ஐயா. பகலும் இரவும் ஒரே வேரில் முளைத்ததா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

வரலாற்று ஆர்வலர்:
ஒரு வருத்தம். அந்தப் பெயரை வைத்தவர் ஆலன் இல்லை, மாஸ்கோவில் இருந்த கப்பிட்சா. அவரிடம் வேலை பார்க்கத்தான் ஆலன் 1935-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். முந்தைய ஆண்டே, ஊருக்குப் போயிருந்த கப்பிட்சாவைச் சோவியத் அரசு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பவிடாமல் நிறுத்திக்கொண்டது. இருவரும் தனித்தனியே கண்டது 1938 ஜனவரி 8 ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வந்தது. கப்பிட்சாவின் கடிதத்தில் டிசம்பர் 3 என்றும் ஆலன், மைசனர் கடிதத்தில் டிசம்பர் 22 என்றும் நாள் இருக்கிறது. 1978-ல் நோபல் இவர்களில் கப்பிட்சாவுக்கு மட்டும். ஆலன் கதையிலும் அவர் சொல்லையே முன்னே நிறுத்த வேண்டுமா?

தொடங்கியவர்:
வேறு சொல்லை நான் எங்கே போய்த் தேட, அண்ணா! நாளை மறுநாள் வெள்ளி. இன்னொன்றும் மாட்டிக்கொண்டது. துகள் அடைத்த குழாயை ஆலன் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, உள்ளே பார்க்க டார்ச் அடிக்கிறார். அந்தச் சின்னச் சூட்டுக்கே மேல்முனையிலிருந்து ஹீலியம் பீறிட்டது. ‘ஊற்று விளைவு’ என்று போட்டிருக்கிறேன்.

சமையலறைக்காரர்:
ஊற்று ஊறும், பீச்சாது. பீச்சாங்குழலை நினையுங்கள்: ‘பீச்சல் விளைவு’.

இயற்பியல் ஆசிரியர்:
வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நான் அப்புறம் பாடம் நடத்த முடியாது.

தொடங்கியவர்:
அனுப்பிவிட்டேன். மீப்பாய்மம், ஒற்றோடு. ‘பீறிடல் விளைவு’. ஹீலியம் ஹீலியமாகவே போனது. கப்பிட்சாதான் பெயர் வைத்தார் என்று ஒரு வரி சேர்த்தேன். 19 நாள் கதையும் இருக்கிறது. நன்றி, எல்லோருக்கும்.

தனித்தமிழ் அன்பர்:
எற்பாடு பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். முதல் பகுதி மட்டும்.

சமையலறைக்காரர்:
பாகிலிக்கு என் ஒரு வாக்கு, பதிவுக்காக. அந்தத் திரவத்தைக் குவளையில் வைத்தால் படலமாகச் சுவரேறி வெளியே சொட்டுமாமே. அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?