புதுப்பிப்பு: முன்னும் பின்னும் வெவ்வேறு நிறுவன டயர்கள்

என் ஸ்விஃப்ட் காரின் முன்டயர்கள் தேய்ந்துவிட்டன, பழைய நிறுவனத்தின் டயர் கிடைக்கவில்லை, இரண்டை மட்டும் வேறு நிறுவனத்தில் வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே அச்சில் இரண்டும் ஒரே டயராக இருக்க வேண்டும், புதிய ஜோடி பின்னால் போக வேண்டும் என்ற யோசனையையே பின்பற்றினேன். 185/65 ஆர்15 அளவோடு சுமைக் குறியீடும் (டயர் தாங்கும் எடை) வேகக் குறியீடும் (டயர் தாங்கும் அதிகபட்ச வேகம்) பொருந்தும்படி வாங்கினேன். வண்டியை இழுப்பவை முன்சக்கரங்கள் என்பதால் புதியவற்றை முன்னால் மாட்டவே கடைக்காரர் முனைந்தார். ஈரச்சாலையில் பின்டயர் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும், முன்டயர் வழுக்குவதைவிட அதைச் சமாளிப்பது கடினம் என்று இங்கே படித்ததை எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். பின்னால் இருந்த பழைய ஜோடி முன்னுக்கு வந்தது.

எதிர்பாராத ஒன்று: கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த புதிய ஜோடியில் ஒன்றின் பக்கச்சுவரில் 1422 என்றும் மற்றதில் 3124 என்றும் இருந்தது. முதலாவது 2022-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரானது! மாற்றித் தரச் சொல்லி வாங்கினேன்.

இதுவரை 800 கிலோமீட்டர், இரண்டு நாள் நல்ல மழையிலும் ஓட்டிவிட்டேன். பிரேக் பிடிக்கையில் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.