படத்துல 'நம்மாள்' வந்தப்போ: உங்க அனுபவம் சொல்லுங்க

தாராவி_செல்வம்:
ஆபீஸ் பார்ட்டி. ஒருத்தன் லுங்கியக் கட்டிட்டு 'அய்யய்யோ'ன்னு கத்திக்கிட்டே மேடை ஏறினான். 1990ல வந்த இந்திப் படம் அக்னிபத்ல மிதுன் பண்ணின கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ.தான், வேற யாரு. அந்த இளநீர்க்காரன் வேஷத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் குடுத்தாங்க. பாதியில மைக்க என் கையில திணிச்சு 'ஒரிஜினல் வந்தாச்சு'ன்னான். 'குட் ஈவினிங்'னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. பொறந்து வளந்ததே பம்பாய், எனக்கு அவன விட நல்லா இந்தி வரும்.

மாம்பலம்_ரவி:
இதெல்லாம் ஒரு விஷயமா? 1968 இந்திப் படம் படோசன்ல மதராசிப் பாட்டு வாத்தியாரா வந்து மெஹ்மூத் பண்ணாத கூத்தா? எங்க தாத்தா விழுந்து விழுந்து சிரிப்பார். காமெடிய காமெடியாப் பாருங்க.

தாராவி_செல்வம்:
ரவி சார், உங்க தாத்தா மாம்பலத்துல உக்காந்து சிரிச்சார். எங்க தாத்தா இங்க பாத்தார். 1966ல சிவசேனா ஆரம்பிச்சாங்க. மதராசி நம்ம வேலையப் பறிக்கிறான், 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி'ன்னு கோஷம், அதாவது ஊதுகுழல ஊது, லுங்கிய விரட்டுன்னு. உடுப்பி ஓட்டலெல்லாம் அடி வாங்கின காலம். வெளிய லுங்கின்னா அடி, தியேட்டர்ல லுங்கின்னா சிரிப்பு. ரெண்டும் ஒரே ஊர்லதான் சார்.

காயல்_பாத்திமா:
அண்ணே, இங்க மட்டும் என்ன வாழுதாம்? எங்க வீட்ல பேசுறது தமிழ்தான். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினதும் தமிழ்லதான். 1961ல பாவமன்னிப்புல சிவாஜி ரஹீமா வந்தப்போ எல்லாரையும் போலத்தான் பேசினார். பாபர் மசூதி, கோவை குண்டுவெடிப்பு எல்லாம் ஆனதுக்கப்புறம் சினிமா பாய்க்குத் தமிழே மறந்துபோச்சு, 'அரே'ன்னுதான் ஆரம்பிக்கிறார்.

ஹாஸ்டல் டிவியில ஏதோ படம். குண்டு வைக்கப் போறவன் தொழுறான், ருகூவே இல்லாம, அதான் குனியாமலே, நேரா நெத்திய தரையில வைக்கிற சஜ்தாவுக்குப் போறான்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சொல்லலாம்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள ரூம்மேட் சட்டுனு சேனல மாத்திட்டா. என் மனசு கஷ்டப்படுமாம். அப்புறம் யாரும் என் முகத்தப் பாக்கல.

சௌகார்பேட்டை_பையன்:
படத்துல சேட்டுன்னா அடகுக்கடை, வட்டி, 'நம்பள் நிம்பள்'. எங்களுக்கு அடகுக்கடை இருக்குறது உண்மைதான், மறைக்கல. ஒரு வாண்டு வந்து 'சேட்டு, நிம்பள் எவ்ளோ தர்றான்?'னு கேட்டுச்சு. எங்கப்பா சிரிச்சுக்கிட்டே 'நம்பள் நிறைய தர்றான்'னார்! வீட்ல ஒருநாளும் அப்படிப் பேசினதில்ல, எங்களவிட நல்ல தமிழ். ஏம்ப்பான்னா, 'யாவாரம்டா'ன்னார்.

கோடம்பாக்கம்_மணி:
நான் உதவி இயக்குநர். ஒரு தீவிரவாதி ரூம் செட்ல அரபி போஸ்டரத் தலைகீழா மாட்டியிருந்தாங்க, அப்படியே ஷூட் ஆச்சு. அத விடுங்க. கதை எழுதுற தம்பிகளுக்குச் சொல்றேன். 'முஸ்லிம் பாத்திரம்'னு எழுதாதீங்க. மரைக்காயரா, ராவுத்தரா, லெப்பையா, எந்த ஊருன்னு எழுதுங்க. வாணியம்பாடி, ஆம்பூர்ல வீட்ல உருது பேசுற குடும்பங்கள் நிறைய. அங்க 'அரே' சரி, காயல்பட்டினத்துல தப்பு. ஊருக்குப் போய் பத்து நாள் தங்குங்க. டீக்கடையில உக்காந்து வாய மூடிக்கிட்டுக் கேளுங்க. டயலாக்க அந்த ஊர்க்காரர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. தொழுகை, பூசை, ஜெபம் எது வந்தாலும் தெரிஞ்சவரச் செட்ல வச்சுக்குங்க. பட்ஜெட் இல்லன்னு சொல்லாதீங்க, ஒரு டீ செலவுதான். அப்புறம் பாத்திரத்தோட பேரு…

காயல்_பாத்திமா:
அண்ணே, நாங்க யாரும் படம் எடுக்கல. அந்தப் போஸ்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?

கோடம்பாக்கம்_மணி:
'புகை பிடிக்காதீர்'னு. யூனிட்ல லைட் தூக்குற பாய் படிச்சுச் சொன்னார், பேக்கப் ஆனப்புறம்.