வாடகை தராதவரை வெளியேற்றுவது எப்படி?

கேள்வி: மதுரையில் எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் மூன்று மாதங்களாக வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருப்பதால், மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிடும்படி உறவினர்கள் கூறுகிறார்கள். இது சட்டப்படி செல்லுமா?

பதில் 1: செல்லாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, மின்சாரத்தையோ குடிநீரையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது. உறவினர் பேச்சைக் கேட்டால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும்.

பதில் 2: இரண்டு மாத பாக்கியே 21ஆம் பிரிவின்படி போதிய காரணம். முதலில் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் செலுத்தாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. எங்களுக்குள் வாய்மொழி ஏற்பாடு மட்டுமே உள்ளது.

பதில் 3: எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும் அதே பிரிவில் ஒரு காரணம்தான். ஆயினும், வாடகை வரவான வங்கிக் கணக்கு விவரங்களை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே மனுவை எழுதுங்கள்.