கீஸ்டோன் இனத்துக்குத் தமிழ்: அச்சாணியா, கடையாணியா?

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:

உயர்தர வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கீஸ்டோன் இனம்’ என்ற ஒரு சொல்தான் இடிக்கிறது. எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும் தன் உயிரினக் கூட்டத்தில் பெரிய வேலை செய்யும் இனம் என்பது வரைவிலக்கணம். சூழலியலாளர் ரொபேர்ட் பெயின் 1969இல் வைத்த பெயர் இது. அமெரிக்காவின் வொஷிங்டன் கரையோரப் பாறையொன்றில் 1963 தொடக்கம் நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த மட்டிகள் பாறையைப் பிடித்து மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் 8 ஆயின. இடத்துக்கான போட்டியில் பலசாலியை அடக்கிவைத்து மற்றவர்களை வாழவைத்தது ஒரு இரைகௌவி. இதற்கு ‘திறவுக்கல்’ என்று பழைய குறிப்பொன்றில் கண்டேன். கட்டட வளைவின் உச்சியில் இறுக்கும் கல்லுக்கும் திறப்புக்கும் என்ன தொடர்பு?

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

‘மூலைக்கல்’ போடலாம். விவிலியம் வாசித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். விளக்கம் தேவைப்படாது.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, கல்லை விடும். மூலைக்கல் அத்திவாரத்துக்கு உரியது. நீர் சொல்லும் கல் உச்சியில் இருப்பது. இரண்டும் ஒன்றல்ல.

‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து.’

குறள் 667. எண்ணிக்கையில் கொஞ்சம், செய்யும் வேலையில் பெரிது என்ற உம்முடைய வரைவிலக்கணம் இதற்குள் முழுதாக இருக்கிறது. ஆகவே ‘அச்சாணி இனம்’.

மாங்குளம், விவசாயி:

ஐயா சொல்வது சரி. ஆனால் வண்டில் பூட்டியவர்கள் அதைக் கடையாணி என்றுதான் சொல்வார்கள். அச்சின் நுனித் துளையில் செருகும் இரும்புத் துண்டு, விரலளவுதான். அது கழன்றால் சில்லு தன்பாட்டில் உருண்டு வேலிக்குள் போய்விடும், நெல்மூட்டையெல்லாம் தெருவில். அச்சாணி என்றால் இந்தக் காலப் பிள்ளைகள் அச்சையே நினைப்பார்கள். அச்சு என்பதே வடமொழி ‘அக்ஷ’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. கடையாணியில் அந்தத் தொல்லை இல்லை.

முள்ளியவளை:

அச்சு வடசொல் என்று நான் ஒப்பமாட்டேன். சங்கப் பாட்டில் புழங்கிய சொல் அது. புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போகும் ‘சேம அச்சு’ என்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. தம்பி, வண்டில் உம்முடையதுதான். சொல்லை ஔவையிடம் கேளும்.

மன்னார், சூழலியல் மாணவர்:

ஐயா, அந்தச் சேம அச்சு எங்களுக்கு மிகவும் வேண்டிய சொல். ஒரு இனம் அழிந்தால் அதே வேலையை இன்னொன்று ஏற்றுக்கொள்ளுமானால் அது சேம அச்சு. அப்படி மாற்று இல்லாதவை அழியும்போதுதான் முழுக் கூட்டமும் குலைகிறது.

ரீச்சரிடம் ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லைப் போட்டாலும், பாலையையும் வீரையையும் உதாரணமாகப் போடவேண்டாம். அவை வன்னிக் காட்டில் நிறைந்து நிற்கும் மரங்கள். நிறைந்து நிற்பதன் செல்வாக்கு வேறு. தன் அளவுக்கு மிஞ்சிய விளைவு இருந்தால்தான் கீஸ்டோன். ஆலையும் அத்தியையும் பற்றிப் பேசலாம். ஒவ்வொரு மரமும் வெவ்வேறு காலத்தில் பழுப்பதால், மற்ற மரங்களில் பழமில்லாத மாதத்திலும் குரங்குக்கும் வௌவாலுக்கும் பறவைக்கும் ஏதோ ஒரு மரத்தில் பழம் இருக்கும். அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது சிறு குளவி. அந்தக் குளவி முட்டையிடுவதும் அதே காய்க்குள்தான். குளவி இல்லாமல் விதை இல்லை, காய் இல்லாமல் குளவி இல்லை. ஆனால் எல்லாக் காட்டிலும் ஆல் இப்படிப்பட்டதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்து நிற்கவில்லை. ‘பல காடுகளில்’ என்று எழுதினால் போதும்.

வவுனியா:

இனம் என்ற சொல்லையும் பாருங்கள். தமிழ்நாட்டார் சிற்றினம் என்கிறார்கள். எங்கள் ஊரில் இனம் என்றதும் மனம் வேறெங்கோ போகிறது.

கிளிநொச்சி:

பாடநூலில் இனம் என்றுதான் இருக்கிறது, அண்ணா. பரீட்சை எழுதும் பிள்ளையின் தலையில் இரண்டாவது சொல்லை ஏற்றமாட்டேன். கையேட்டில் ‘அச்சாணி இனம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் கீஸ்டோன் என்று பக்கத்தில் எழுதுகிறேன். சேம அச்சும் ஒரு பெட்டிக்குள் வருகிறது. ஆல், அத்தி, ‘பல காடுகளில்’. கடையாணியைப் படத்தின் கீழ் எழுதுகிறேன்.

மாங்குளம்:

படத்தின் கீழ் கடையாணி, தலைப்பில் அச்சாணி என்றால் பிள்ளை குழம்பாதா? எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்கு முன் திரும்பவும் எழுதுவேன்.

வவுனியா:

நான் மொழிபெயர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் கீஸ்டோன் இனம் என்றே விடுகிறேன். அதை வாசிப்பவர்கள் வண்டில் கண்டவர்கள் அல்லர்.