கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை: காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரா, ஓப்பன் சோர்ஸா?

கோபாலபுரம் பையன்

எல்லோருக்கும் வணக்கம். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் டிடிபி கடை போடலாம் என்று இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஃபிளக்ஸ் டிசைன், பாஸ்போர்ட் போட்டோ, பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது, இவைதான் வேலை. எங்கள் பக்கம் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். இரண்டும் பிசகாமல் வர வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 போட்டிருந்தது. அதற்கு 2025 அக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது என்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் எல்லா டிசைன் சாஃப்ட்வேரும் கிராக் செய்து 500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு அதில் சம்மதம். நான் கேரளத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன். பள்ளியில் எல்லாமே உபுண்டுதான், அதாவது விண்டோஸுக்குப் பதில் போடுகிற இலவச லினக்ஸ். படம் வரையும் இன்க்ஸ்கேப், போட்டோ திருத்தும் ஜிம்ப் கை பழகியிருக்கிறது, இரண்டும் நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த ஓப்பன் சோர்ஸ். ஆனால் பொள்ளாச்சி பிரஸ்ஸில் விசாரித்தால் "கோரல் ஃபைல் கொண்டு வா" என்கிறார்கள், அது காசு கொடுத்து வாங்கும் டிசைன் சாஃப்ட்வேர். கடை நடத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள், எந்தப் பக்கம் போவது?

வேலந்தாவளம் டைப்பிஸ்ட்

தம்பி, முதலில் அந்த 500 ரூபாய்க்காரரை மறந்துவிடு. கடையில் திருட்டுக் காப்பி வைத்துச் சம்பாதித்தால் அது நம் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 63பி பிரிவில் வரும். குறைந்தது ஏழு நாள் சிறை, அபராதம் 50,000 ரூபாயில் தொடங்குகிறது. வீட்டில் விளையாட்டாக வைத்திருப்பவர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம், தொழில் செய்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அதை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது, கிராக் செய்த எக்ஸ்இ ஃபைல் கூடவே எதைக் கொண்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. நம் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதாரும் ரேஷன் கார்டும் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை.

இப்போது என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நான் 2003இல் கடை போட்டேன். அப்போது தமிழ், மலையாளம் இரண்டு மொழி ஃபான்ட்டும் சேர்ந்த ஒரு பேக்கேஜ் 14,000 ரூபாய் கொடுத்து, பில்லோடு வாங்கினேன். வளையல் அடகு வைத்த காசு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள் செருக வேண்டும், அது இருந்தால்தான் எழுத்து வரும். நன்றாகவே உழைத்தது, குறை சொல்ல மாட்டேன். 2006இல் எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேக மலர் முழுவதும் அதில்தான் கம்போஸ் செய்தேன். 96 பக்கம். கடைசி 22 பக்கம் நன்கொடையாளர் பட்டியல், ஆயிரத்துச் சொச்சம் பெயர். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் வடிவமைத்து, பட்டர் ஷீட் என்ற மெல்லிய தாளில் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸுக்குக் கொடுத்தேன்.

2014இல் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனது. புதிதாக வாங்கியதில் பிரிண்டர் போர்ட்டே இல்லை. பேக்கேஜ் விற்ற நிறுவனத்துக்கு போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை, கடிதம் திரும்பி வந்தது. சரி, பழைய வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

2018இல் அடுத்த கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம், அப்போதெல்லாம் ஒரு மலர், அதில் பழைய நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறும். கமிட்டிக்காரர்கள் வந்து "போன தடவை நீதானே அடித்தாய், அதையே எடுத்துப் போடு" என்றார்கள். ஃபைல் சிடியில் பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. அந்த நாள் என் நெஞ்சு அடைத்தது எனக்குத்தான் தெரியும். நான் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்த 96 பக்கம், காசு கொடுத்து முறையாக வாங்கிய சாதனத்தில் அடித்தது, எனக்கே பூட்டிக்கொண்டது.

அதைத் திறந்து கொடுத்தது லிப்ரே ஆபீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். கணக்கு எழுதத்தான் அதை வைத்திருந்தேன். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் என்று எதிலோ படித்தது நினைவுக்கு வந்தது. பேஜ்மேக்கரை விற்ற அடோபியின் இன்டிசைனிலேயே சிஎஸ்6 வரைக்கும்தான் அந்த வசதி, அதற்கு அப்புறம் வந்த பதிப்புகளில் இல்லை. பழைய ஃபைல்களை மீட்பதற்கென்றே ஒரு தன்னார்வக் கூட்டம் உட்கார்ந்து அதன் அமைப்பை அலசி எழுதிய நிரல், லிப்ரே ஆபீஸுக்குள் இருக்கிறது. பக்கம் திறந்தது. பார்டர் சற்று நகர்ந்திருந்தது, படங்கள் சில வரவில்லை, ஆனால் எழுத்து அத்தனையும் இருந்தது. என்ன, "அருள்மிகு" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்து கிடந்தது. அந்த ஃபான்ட்டுக்கென்று தனி எழுத்து வரிசை, அது யாரிடமும் இல்லை.

அச்சடித்த மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 160க்கு மேல் வந்தது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி, பள்ளியில் பைத்தான் கற்றவள், அந்த அட்டவணையை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். முதல் தடவை ஓட்டியபோது கொம்பெல்லாம் தவறான இடத்தில் விழுந்தது. பழைய ஃபான்ட்டில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் "க", அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் போகும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யுனிகோடு எழுத்து முறையில் "க" முன்னால் வந்து, "ஒ"கரக் குறி பின்னால் ஒட்ட வேண்டும். அதை அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள். நான்கு நாளில் பட்டியல் கைக்கு வந்தது. "தாத்தா பெயர் போன மலரில் எப்படி இருந்ததோ அப்படியே போடு, அந்த ற-வை மாற்றாதே" என்று சொன்ன குடும்பங்களுக்கு, அந்த ற மாறாமல் போட்டுக் கொடுத்தோம்.

அதனால் தம்பி, ஒரு சாஃப்ட்வேர் வாங்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் அடித்த ஃபைல் அடுத்த கும்பாபிஷேகத்தில் திறக்குமா? விலையெல்லாம் அப்புறம்.

ஓப்பன் சோர்ஸில் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம், செய்கிறவர்கள் கடையை மூடினாலும் நிரல் ஊரில் இருக்கும். பிளெண்டர் என்று முப்பரிமாணப் படம் செய்யும் சாஃப்ட்வேர் தெரியுமா? அதை வைத்திருந்த நெதர்லாந்து நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. பயன்படுத்துகிறவர்கள் ஒன்றுசேர்ந்து ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, நிரலை மீட்டு எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க அதை வைத்து வேலை செய்கிறார்கள். என் ஃபான்ட் பேக்கேஜை மீட்க நான் எந்தக் கதவைத் தட்டுவது? நான் காசு கொடுத்தது பயன்படுத்தும் உரிமைக்கு மட்டும், அதுவும் டாங்கிள் உயிரோடு இருக்கும் வரைக்கும்.

இப்போது கடையில் மூன்று கம்ப்யூட்டர். இரண்டில் உபுண்டு. தமிழ்99 விசைப்பலகையும் மலையாளமும் விசைப்பலகை மாற்றும் ஐபஸ் நிரலில் ஒரு தட்டலில் மாறும். புத்தகம், மலர் எல்லாம் ஸ்கிரைபஸ், பத்திரிகை இன்க்ஸ்கேப், போட்டோ ஜிம்ப். ஸ்கிரைபஸ் பழைய 1.4 பதிப்பைப் போட்டுவிடாதே, தமிழ் எழுத்து உடையும். 2024 ஜனவரியில் வந்த 1.6 தான் நமக்கு ஆகும். ஃபான்ட்டுக்குக் கவலையே வேண்டாம். தலைப்புக்கு பலூ தம்பி, உள்ளே ஓட மீரா இனிமை. இந்த மீரா இனிமையைச் செய்தது யார் தெரியுமா? சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளிகளின் தன்னார்வக் குழு. அவர்களுடைய மீரா மலையாள எழுத்துக்கு இணையாகத் தமிழுக்கும் வரைந்து, உரிமக் கட்டணம் இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். நம்முடைய இருமொழிப் பத்திரிகையில் இந்தப் பக்கம் மீரா, அந்தப் பக்கம் மீரா இனிமை போட்டுப் பார், இரண்டும் ஒரே கை எழுதியது போல இருக்கும். எல்லையில் இருக்கும் நமக்கென்றே செய்தது மாதிரி எனக்குத் தோன்றும்.

மூன்றாவது கம்ப்யூட்டரில் விண்டோஸும் கோரலும், பில்லோடு வாங்கியது. அது ஏன் என்று பிரஸ்காரர்கள் யாராவது சொல்வார்கள்.

பொள்ளாச்சி ஃபிளக்ஸ்

நானே சொல்கிறேன்ங்க. அக்கா சொன்ன மலர் கதை சரி, ஆனால் மலர் வேலை பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. எங்களுக்குச் சோறு போடுவது ராத்திரி 11 மணிக்கு வருகிற கண்ணீர் அஞ்சலி. விடியற்காலை எடுப்பதற்குள் ஃபிளக்ஸ் கட்ட வேண்டும். பழைய அஞ்சலி கோரல் ஃபைலைத் திறந்து, போட்டோவும் பெயரும் மாற்றினால் பத்து நிமிடம். அந்த நேரத்தில் இன்க்ஸ்கேப்பின் எஸ்விஜி ஃபைல் வந்தால் எங்கள் ஆள் திகைத்து நிற்கிறான். இன்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் வேலை செய்கிறது. அங்கே திரையில் பளிச்சென்று தெரிகிற நீலம், ஆஃப்செட்டில் ஊதாவாக வந்து பார்ட்டியிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாண ஆல்பம் செய்கிறவர்களைக் கேளுங்கள், போட்டோஷாப்பின் பிஎஸ்டி டெம்ப்ளேட் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள், ஜிம்ப்பில் திறந்தால் பாதி லேயர் சொன்னபடி கேட்காது.

அப்புறம் ஆள். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு கோரலும் போட்டோஷாப்பும்தான் தெரியும். தொழிலுக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை. லாரிக்காரர் லாரி வாங்குவதில்லையா?

வேலந்தாவளம் டைப்பிஸ்ட்

அண்ணா சொன்ன கலர் விஷயம் முழுக்க உண்மை. தம்பி, இதைக் குறித்துக்கொள். மல்டிகலர் ஆஃப்செட் போகிற வேலை எதையும் இன்க்ஸ்கேப்பிலிருந்து நேராக அனுப்பாதே. வடிவம் அங்கே வரை, அதை ஸ்கிரைபஸ்ஸுக்குக் கொண்டு வந்து, நிறங்களை அச்சு மையின் நான்கு நிறமான சிஎம்ஒய்கே-யில் நீயே கொடுத்து, பிடிஎஃப் எக்ஸ்போர்ட் செய். கறுப்பு எழுத்து தனிக் கறுப்பாக இருக்கிறதா என்று பிரிண்ட் பிரிவ்யூவில் நான்கு நிறத்தையும் தனித்தனியாகப் பார். ஃபிளக்ஸுக்கு டிஃப் ஃபைல் கொடுத்தால் எந்த பிரஸ்ஸும் மறுக்காது. பிரஸ்ஸிலேயே கடைசி நேரத்தில் திருத்தம் வரும் என்று தெரிந்தால் மட்டும் கோரலில் செய்கிறேன், அதற்குத்தான் அந்த மூன்றாவது கம்ப்யூட்டர்.

லாரி உவமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லாரி வாங்கினால் பானெட்டைத் திறந்து எந்த மெக்கானிக்கிடமும் காட்டலாம். விற்ற கம்பெனி இல்லாமல் போனாலும் வண்டி ஓடும். மாதா மாதம் சந்தா கட்டினால்தான் ஸ்டியரிங் திரும்பும் என்றால் நீங்கள் வாங்குவீர்களா? அடோபி 2013இலிருந்து போட்டோஷாப், இன்டிசைன் புதுப் பதிப்புகளைச் சந்தா முறையில்தான் கொடுக்கிறது. கடை நன்றாக ஓடுகிற மாதம் சரி. ஆடி மாதம் முகூர்த்தமே இல்லாமல் கடை காற்று வாங்கும்போதும் அதே தொகை போகும்.

விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் உழைப்பு என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். கோரலில் செய்தாலும் வேலை முடிந்ததும் ஒரு பிடிஎஃப், ஒரு எஸ்விஜி, எழுத்து மட்டும் தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எடுத்து வைத்துவிடுவேன். 2018க்கு அப்புறம் இந்தப் பழக்கம் ஒரு வேலைக்கும் தவறியதில்லை.

சித்தூர் டீச்சர்

ஒரு சின்னத் திருத்தம். அக்காவின் ஃபைல் படிக்க முடியாமல் போனதற்குப் பாதிக் காரணம் ஃபான்ட்டின் தனி எழுத்து வரிசை. யுனிகோடு வேறு, ஓப்பன் சோர்ஸ் வேறு. இன்று வேர்டில் யுனிகோடு ஃபான்ட் வைத்து அடித்தாலும் எழுத்து பத்திரமாகத்தான் இருக்கும். இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆள் கிடைப்பது பற்றி: எங்கள் பக்கம் நிலைமை வேறு. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது, 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில்தான் நடக்கிறது. என் தமிழ் மீடியம் வகுப்பில் பிள்ளைகள் இன்க்ஸ்கேப்பில் லோகோ வரைகிறார்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே கிடைக்கும்.

வேலந்தாவளம் டைப்பிஸ்ட்

டீச்சர் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். எழுத்து உடைந்தது ஃபான்ட்டால். ஃபைலே திறக்காமல் கிடந்தது வேறு பூட்டு. இரண்டும் சேர்ந்துதான் என்னைப் படுத்தியது.

கோபாலபுரம் பையன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மலர் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், கோயம்புத்தூர்க்காரரிடம் வேண்டாம் என்று அவரே போனில் சொல்லிவிட்டார். இரண்டிலும் உபுண்டு போடப் போகிறேன். ஒரு சந்தேகம், மாமா கேனான் எல்பிபி 2900 லேசர் பிரிண்டர் சும்மா தருகிறேன் என்கிறார். லினக்ஸில் ஓடுமா?

வேலந்தாவளம் டைப்பிஸ்ட்

அந்த பிரிண்டர் மட்டும் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். அதற்கு கேப்ட் என்று தனி டிரைவர். போட்டாலும் ஒரு நாள் ஓடும், மறுநாள் பேசாமல் நிற்கும். பத்திரிகை சீசனில் உன் உயிரை எடுத்துவிடும். மாமாவிடம் வாங்கி வீட்டில் வை, விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கும்போது அதில் மாட்டிக்கொள். கடைக்கு எச்பி லேசர் ஏதாவது பார். ஆனால் மாடல் எண்ணை, எச்பி பிரிண்டர்களுக்கான லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்பின் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடையில்தான் இருப்பேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொண்டு வா, உபுண்டு ஏற்றித் தருகிறேன். மீரா, மீரா இனிமை, பலூ தம்பி எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். அந்தப் பைத்தான் நிரலும் இருக்கிறது, அந்தப் பெண் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். பழைய மலர் சிடி எதுவும் உங்கள் ஊர்க் கோயிலில் கிடந்தால் அதையும் கொண்டு வா, திறந்து பார்ப்போம்.