லாஜிக் நம்ம வீட்டுப் பிள்ளையா?

பட்டர்வொர்த் வாத்தியார்: நேற்று ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அடித்துவிட்டார்: 'லாஜிக்' நம்ம 'இலக்கு'தானாம். வெள்ளைக்காரன் முன்னால் இருந்த 'இ'யைத் தின்றுவிட்டானாம். எனக்குப் புரையேறிவிட்டது. கிரேக்கத்தில் 'லோகோஸ்' என்றால் பேச்சு, காரணம். அதிலிருந்து 'லோகிகே', லத்தீனில் 'லோஜிக்கா', பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம். இதில் 'இ' எங்கே இருந்தது?

செந்தூல்காரன்: அந்த 'ஒருவர்' நான்தான் சார். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் நாம் 'இ' போட்டோம். அவனுக்குத் தேவையில்லை, எடுத்துவிட்டான். இவ்வளவுதான் விஷயம்.

பட்டர்வொர்த் வாத்தியார்: முதலில் வராததால் 'இ' போட்டோம் என்றால், சொல் வெளியிலிருந்து வந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே! அப்படியே பார்த்தால் நம்ம லோரியும் 'இலோரி'தானா?

செந்தூல்காரன்: கிண்டல் பதில் ஆகாது. 'இ' எங்கே போனது?

கிள்ளான் அக்கா: தம்பிகளா, முதலில் லாஜிக் என்றால் என்னவென்று பேசுங்கள். அரிஸ்டாட்டிலே அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, 'அனலிடிக்ஸ்' என்றுதான் சொன்னார். நமக்கும் தருக்கம், ஏரணம், அளவை என்று எத்தனை சொற்கள்!

செந்தூல்காரன்: அக்கா, அரிஸ்டாட்டில் இருக்கட்டும். 'இ'க்கு வாங்க.

மஸ்ஜித் இந்தியா பாய்: அரபியில் இதற்கு 'மன்திக்', மத்ரஸாவில் தனிப் பாடமே உண்டு. 'நுத்க்' என்றால் பேச்சு, அந்த வேரிலிருந்து வந்தது. கிரேக்கனும் அரபியும் பேச்சிலிருந்துதான் பிடித்திருக்கிறார்கள். மலாயிலும் 'மந்திக்' உண்டு, ஆனால் தெருவில் 'தாக் லோஜிக்'தான், அதாவது 'லாஜிக்கே இல்லை'.

செந்தூல்காரன்: மன்திக்கா? மந்திரம்தானே பாய் அது!

மஸ்ஜித் இந்தியா பாய்: அல்லாஹ்வே. நான் கடையைத் திறக்கப் போகிறேன்.

பட்டர்வொர்த் வாத்தியார்: பார்த்தீர்களா? இவருக்கு எல்லாமே தமிழ்தான், தமிழ் எழுதத்தான் வராது.

செந்தூல்காரன்: வந்துவிட்டீர்களா அங்கே! போன வருடம் என் கட்டுரையில் 4 சந்திப்பிழைக்குச் சிவப்பு வட்டம் போட்டு, படம் பிடித்து ஊருக்கே காட்டினீர்கள். மறப்பேனா?

பட்டர்வொர்த் வாத்தியார்: 4 இல்லை, 6.

கிள்ளான் அக்கா: ஏரணம் பற்றி யாராவது...

செந்தூல்காரன்: 4தான்! இரண்டு, டைப் செய்யும்போது விழுந்தவை.

பட்டர்வொர்த் வாத்தியார்: நேற்று உங்கள் தே தாரிக்குக்கும் காசு கொடுத்தது நான். அதன் லாஜிக்கைச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்: காசை இப்போதே அனுப்பிவிட்டேன், போனைப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், 'இ' எங்கே?